ஸைத் அம்ரை அடித்தான்: துருக்கிக் கதைச்சுவடிகளில் ஏமாறும் விதம்

போன மாதம் இஸ்தான்புல் போய்வந்த மாணவன் ஒருவன் போட்டோ அனுப்பியிருந்தான். பழுப்பேறிய ஒற்றை ஏடு. நடுவில் வாளோங்கி நிற்கும் இரண்டு குதிரைவீரர்கள், மேலும் கீழும் அரபு எழுத்து. "ஒட்டோமான் போர்க்கதை, நானூறு வருஷம் பழசு" என்று ஒரே சந்தோஷம். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் இதன் அண்ணனை நானே காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன்.

சுவடியைத் தலைகீழாகப் பிடிப்பது, ஃப்ளாஷ் போட்டுப் படமெடுப்பது இதெல்லாம் ஒருமுறை திட்டு வாங்கினால் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எழுத்தைப் படிக்காமல் படத்தைப் பார்ப்பது

அரண்மனையின் நக்காஷ்கானேயில், அதாவது ஓவியப் பட்டறையில், வேலை நடந்த வரிசையை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். எழுத்தர்தான் முதலில் எழுதுவார். கதையில் எந்தக் கட்டம் படமாக வேண்டுமோ அங்கே இடம் விட்டுவிட்டு எழுதிக்கொண்டே போவார். ஓவியர் அப்புறம்தான் வருவார். பொன்வேலைக்கு முஸெஹ்ஹிப் என்று தனி ஆள், சுற்றிலும் கோடிழுக்க இன்னொருவர். ஆகவே படத்தை ஒட்டிய வரிகளும் படமும் ஒரே கதையைத்தான் சொல்ல வேண்டும்.

நான் வாங்கிய ஏட்டில் சொல்லத்தான் செய்தன, அதுதான் கொடுமை. சின்ன வயதில் ஓதிய பழக்கத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தேன்: "ஸைத் அம்ரை அடித்தான்." படத்தில் ஒருவன் இன்னொருவனை அடிக்கிறான். இதைவிட என்ன பொருத்தம் வேண்டும்? கடைக்காரர் தேநீர் வேறு வரவழைத்துக் கொடுத்தார். இரண்டு மாத வாடகைப் பணம் அங்கேயே போயிற்று.

என் ஹோஜா (அங்கே ஆசிரியரை அப்படித்தான் அழைப்போம்) ஏட்டை வாங்கிப் பார்த்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "இந்த ஸைத் ஆயிரம் வருஷமாக அம்ரை அடித்துக்கொண்டிருக்கிறான், அரபு இலக்கணப் பாடத்தில்!" எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் சொல்லிக்கொடுக்க வழிவழியாக வரும் உதாரண வாக்கியம் அது. அந்த ஏட்டில் கதையும் இல்லை, துருக்கி மொழியும் இல்லை. யாரோ ஒரு மதரஸா மாணவனின் பாடப்புத்தகத்திலிருந்து கிழித்த தாளில், நம் காலத்து ஓவியர் ஒருவர் சுற்றுலாப் பயணிகளுக்காகக் குதிரை போட்டிருக்கிறார்.

லென்ஸை வைத்ததும் எல்லாம் தெரிந்தது. ஆரஞ்சுக் குதிரையின் வயிற்றுக்கு அடியில் ஒரு 'லாம்' எழுத்தின் நீண்ட தண்டு மங்கலாக நிற்கிறது. இடம் விட்டு எழுதிய தாள் இல்லை, எழுத்தின் மேலேயே வண்ணம் பூசியிருக்கிறார்கள். பூச்சி அரித்த துளை ஒன்று. பழைய படமென்றால் பூச்சி வண்ணத்தையும் சேர்த்துத் தின்றிருக்க வேண்டும். இங்கே துளையின் உள்விளிம்பில் நீலம் இறங்கியிருந்தது. துளை முதலில் வந்து, வண்ணம் பிறகு வந்திருக்கிறது.

இன்னொன்றையும் பாருங்கள். வலப்பக்க ஏட்டின் அடியில், இடது ஓரத்தில், சின்னதாக ஒரு சொல் தொங்கும். அடுத்த பக்கம் அந்தச் சொல்லில்தான் தொடங்கும், நம் அந்தாதி மாதிரி. கட்டுச் சுவடியில் ஏடு காணாமல் போயிருந்தால் இந்தச் சங்கிலி அறுந்து காட்டிக்கொடுத்துவிடும். ஒற்றை ஏட்டை விற்பவரிடம் ஒப்பிட அடுத்த ஏடே இருக்காது.

பணம் போனதுகூடப் பரவாயில்லை. ஓரத்தில் ஒரு பையன் பொடி எழுத்தில் குறிப்பு எழுதிவைத்திருந்த முழுப் புத்தகத்தைக் கத்தரித்து, ஏடு ஏடாக நாசம் செய்திருக்கிறார்களே, அதற்குக் காசு கொடுத்தவன் நான். இன்றைக்கும் ஆறவில்லை.

அரபு எழுத்து என்றால் அரபு மொழி என்று நினைப்பது

பாட்டியின் அரபுத்தமிழ்ப் புத்தகம் (தமிழையே அரபு எழுத்தில் எழுதியது) வீட்டில் கிடந்தும் எனக்கு இது உறைக்கவில்லை. ஒட்டோமான் அரண்மனைச் சுவடிகளில் அதே எழுத்தில் அரபு, பாரசீகம், துருக்கி என மூன்று மொழிகள் உண்டு. 1558இல் முடிந்த சுலைமான்நாமே, சுல்தானின் புகழ்பாடும் நூல், 69 படங்கள், ஆனால் மொழி பாரசீகம். நபிகளின் வரலாறான சியர்-இ நெபி துருக்கி. துருக்கி உரைநடை என்றால் வினை வாக்கியக் கடைசியில் வந்து உட்காரும், தமிழ் போலவே. வரிகளுக்கிடையில் 'இதி', 'ஓலுப்' என்று தட்டுப்பட்டால் அநேகமாகத் துருக்கிதான்.

நூலின் வயதைப் படத்தின் வயதாக்குவது

அதே சியர்-இ நெபியை எர்ஸுரும் ஊர்க்காரரான முஸ்தஃபா தரீர் 1388இல், கெய்ரோவில் மம்லூக் சுல்தான் பர்கூக்குக்காக எழுதி முடித்தார். ஒட்டோமான் சுல்தான் மூன்றாம் முராத் ஆணையிட்டு வரையச் சொன்ன ஆறு பாகப் பிரதி முடிந்ததோ 1595 வாக்கில், அவர் இறந்தபின். நடுவில் இருநூறு வருஷம். அந்தப் பிரதியின் படங்களில் உள்ள உடைகளை வைத்துப் பதினான்காம் நூற்றாண்டு ஆடை பற்றிக் கட்டுரை எழுதிய ஒருவரை எனக்குத் தெரியும். முகத்திரையும் அப்படித்தான். நபிகளின் முகத்தைப் பிற்காலத்தில் யாரோ மறைத்துவிட்டதாகப் பலர் சொல்கிறார்கள். அந்த வெள்ளைத் திரையும் தலையைச் சுற்றிய பொன் தழலும் ஓவியர்களே தீட்டியவை.

ஹிஜ்ரியோடு 622ஐக் கூட்டுவது

இஸ்லாமிய ஆண்டுக்கணக்கான ஹிஜ்ரி 622இல் தொடங்குகிறது. ஹிஜ்ரி 1003 என்பது 1594-95. கூட்டினால் 1625 வரும். சந்திர வருஷம் பதினோரு நாள் குறைச்சல்.

எல்லாப் படத்தையும் நக்காஷ் ஒஸ்மான் தலையில் கட்டுவது

அவர் அரண்மனையின் புகழ்பெற்ற ஓவியர்தான். ஆனால் சியர்-இ நெபியில் மட்டும் 814 படங்கள். ஒரு பட்டறையே வேலை செய்தது.

ஒற்றைப் பக்கத்தைச் சட்டம் போடுவது

ஓவியர் லெவ்னி 1720ஆம் ஆண்டு விழாவை வரைந்த சூர்நாமே என்ற விழா நூலில் ஊர்வலங்கள் இரு பக்கங்களில் விரியும். பாதியை மாட்டினால் பாதி ஊர்வலம்தான்.

ஈரப் பஞ்சால் துடைப்பது

வேண்டவே வேண்டாம். அந்தத் தாளுக்கு முட்டை வெள்ளைக்கரு பூசி, கல்லால் தேய்த்து மெருகேற்றியிருப்பார்கள். மை உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும். எழுத்தர்கள் பிழையை ஈர விரலால் துடைத்துத் திருத்தியது அதனால்தான். உங்கள் பஞ்சும் அதே வேலையைச் செய்துவிடும்.