16 வயதுக்குப் பிறகும் பராமரிப்புப் பணம்: பிரிட்டனில் எந்தத் திகதிவரை?

பிரிந்து வாழும் பெற்றோரில் ஒருவர், பிள்ளையை வைத்திருக்கும் மற்றவருக்குக் கொடுப்பது பராமரிப்புப் பணம். சிலர் பிள்ளையின் 16ஆவது பிறந்தநாளோடு அது முடிகிறது என்று நினைக்கிறார்கள். சிலர் 18 என்கிறார்கள். இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்கொட்லாந்தில் இதைக் கவனிக்கும் அரசு அமைப்பான சைல்ட் மெயின்டனன்ஸ் சர்வீஸின் (சி.எம்.எஸ்.) விதி வேறு. 16 வயதுவரை எந்தக் கேள்வியும் இல்லை. அதன்பிறகு, அங்கீகரிக்கப்பட்ட முழுநேரப் படிப்பில் இருக்கும்வரை பணம் தொடரும். 20 வயதானால், படித்துக்கொண்டிருந்தாலும் நின்றுவிடும்.

பிள்ளை படிக்கிறதா என்பதை சி.எம்.எஸ். பெரும்பாலும் சைல்ட் பெனிபிட் (பிள்ளை வளர்ப்பவருக்கு அரசு கொடுக்கும் உதவிப்பணம்) பதிவை வைத்தே அறிகிறது. ஆகவே பிள்ளையை வைத்திருக்கும் பெற்றோர் முதலில் கவனிக்கவேண்டியது அந்தப் பதிவைத்தான்.

எந்தப் படிப்பு சேரும்

ஏ லெவல், டி லெவல், ஸ்கொட்லாந்தின் ஹையர், மூன்றாம் நிலைவரையான என்.வி.கியூ என்ற தொழில்தகைமைப் படிப்பு எல்லாம் சேரும். பட்டப்படிப்பு, எச்.என்.சி. போன்ற உயர்கல்வி சேராது. வேலை கொடுப்பவர் செலவில் நடக்கும் படிப்பும், இங்கிலாந்தில் சம்பளத்தோடு செய்யும் அப்ரென்டிஸ்ஷிப்பும் சேராது. வீட்டிலேயே படிக்கும் பிள்ளை என்றால், அந்த ஏற்பாடு 16 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்கவேண்டும். விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு.

முழுநேரம் என்பது, தவணைக் காலத்தில் வாரத்துக்குச் சராசரியாக 12 மணித்தியாலத்துக்கு மேல். ஆசிரியரின் மேற்பார்வையில் நடக்கும் படிப்பும், பாடத்தோடு சேர்ந்த வேலைப் பயிற்சியும் மட்டுமே கணக்கில் வரும். சாப்பாட்டு இடைவேளையும் வீட்டுப்பாடமும் வராது. பலர் இடறுவது இங்கேதான். மருத்துவத்துக்கு இடம் கிடைக்காமல் மூன்றாம் வருடம் ஏ லெவலைத் திரும்ப எழுதும் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் முழுநேரமாகச் சேர்ந்து படித்தால் பணம் தொடரும். ஒரே ஒரு பாடத்துக்கு ரியூஷன் போய்விட்டு மீதி நேரம் வீட்டிலிருந்து படித்தால், பிள்ளை இரவுபகலாகப் படித்தாலும் 12 மணித்தியாலக் கணக்கு தேறாது. இன்னொரு நிபந்தனையும் உண்டு: அந்தப் படிப்பு 19 வயதுக்கு முன் தொடங்கியிருக்கவேண்டும், அல்லது அதற்கு முன்பே இடம் உறுதியாகியிருக்கவேண்டும்.

நிற்கும் நாள்

கடைசிப் பரீட்சை எழுதிய அன்றே பணம் நிற்பதில்லை. வருடத்தில் நான்கு முடிவுத் திகதிகள் உண்டு: பெப்ரவரி கடைசி நாள், மே 31, ஆகஸ்ட் 31, நவம்பர் 30. பிள்ளை படிப்பை விட்டபின் இவற்றில் எது முதலில் வருகிறதோ அதுவரை பணம் உண்டு. ஜூனில் ஏ லெவல் முடித்தால் ஆகஸ்ட் 31. ஒக்டோபரில் கல்லூரியை விட்டுவிட்டால் நவம்பர் 30. இடையில் 20ஆவது பிறந்தநாள் வந்தால் அதோடு சரி.

16 அல்லது 17 வயதில் படிப்பை விட்டு, உள்ளூர் வேலைவழிகாட்டிச் சேவையிலோ இராணுவத்திலோ பதிந்த பிள்ளைக்கு சைல்ட் பெனிபிட்டை 20 வாரம் நீடிக்கலாம். படிப்பை விட்ட மூன்று மாதத்துக்குள் கேட்கவேண்டும். பிள்ளை தன் பெயரில் யுனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவிப்பணத்தை எடுக்கத் தொடங்கினால் எல்லாம் நின்றுவிடும்.

பெறுபவர் செய்யவேண்டியது

16 வயதளவில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. பரீட்சை முடியும் வருடத்தில், பிள்ளை தொடர்ந்து படிக்கிறதா என்று கேட்டு சைல்ட் பெனிபிட்டைக் கொடுக்கும் வரித் திணைக்களமான எச்.எம்.ஆர்.சி.யிலிருந்து கடிதம் வரும். ஆகஸ்ட் 31க்கு முன் இணையத்திலோ அவர்களுடைய செயலியிலோ பதில் போட்டுவிடுங்கள். வீடு மாறியிருந்தால் கடிதம் பழைய விலாசத்துக்குப் போய்விடும்; அதற்காகக் காத்திருக்கவேண்டாம். பதில் இல்லாவிட்டால் சைல்ட் பெனிபிட் நிற்கும், அதைப் பார்த்து சி.எம்.எஸ்.ஸும் வழக்கை மூடக்கூடும். பிள்ளை வகுப்பில் இருக்கும்போதே இது நடந்துவிடும். கல்லூரி மாறினாலும் எச்.எம்.ஆர்.சி., சி.எம்.எஸ். இரண்டுக்கும் தனித்தனியாக அறிவியுங்கள். படிப்பின் பெயர், நிலை, வார மணித்தியாலம், தொடக்க முடிவுத் திகதிகள் ஆகிய நான்கும் உள்ள கடிதம் ஒன்றைக் கல்லூரியிடம் வாங்கி வைத்திருங்கள்.

ஆண்டு வருமானம் 60,000 பவுணைத் தாண்டியதால், வரியாகத் திருப்பிக் கட்டவேண்டிவரும் என்று சைல்ட் பெனிபிட் வேண்டாம் என்பவர்கள் விண்ணப்பத்தையே இரத்துச் செய்யாதீர்கள். பணம் மட்டும் வேண்டாம் என்று தெரிவித்தால் பதிவு உயிரோடு இருக்கும்.

கொடுப்பவர் செய்யவேண்டியது

பிள்ளை படிப்பை விட்டது தெரிந்தால் திகதியோடு சி.எம்.எஸ்.ஸுக்கு அறிவியுங்கள். அவர்கள் விசாரித்துப் புதிய கணக்குக் கடிதம் அனுப்பும்வரை வங்கியில் போட்ட நிரந்தரக் கட்டளையை நிறுத்தாதீர்கள்.

இரண்டு பிள்ளைகளில் மூத்தது படிப்பை முடித்ததும் தொகையைப் பாதியாக்குவது மிகவும் பொதுவான பிழை. வரிக்கு முந்திய வார வருமானம் 200 முதல் 800 பவுண்வரை இருந்தால், இரண்டு பிள்ளைகளுக்கு 16 சதவீதம், ஒரு பிள்ளைக்கு 12 சதவீதம். வேறு கழிவுகள் இல்லாமல் வாரம் 500 பவுண் உழைப்பவர் 80 பவுண் கொடுத்துவந்திருப்பார். இனி அவர் கொடுக்கவேண்டியது 60. தானாகவே 40 ஆக்கினால் வாரம் 20 பவுண் நிலுவை ஏறும். அந்த நிலுவையால் வழக்கு, சி.எம்.எஸ். தானே பணத்தை வசூலித்துக் கொடுக்கும் கலெக்ட் அன்ட் பே முறைக்கு மாறினால், கொடுப்பவர் மேலும் 20 சதவீதம் கட்டவேண்டும். பெறுபவரின் தொகையிலும் 4 சதவீதம் போகும், அதாவது பிள்ளைக்குரிய பணம் குறையும். பிள்ளை வளர்ந்துவிட்டது என்பதால் பழைய நிலுவை அழிந்துபோவதுமில்லை.

சி.எம்.எஸ். இல்லாமல் தங்களுக்குள் பேசி முடித்தவர்கள், “படிப்பு முடியும்வரை” என்று மட்டும் எழுதாமல் எந்தப் படிப்பு, எந்த மாதம், பல்கலைக்கழகமும் சேருமா என்பதைக் குறித்து இருவரும் கையெழுத்திடுவது நல்லது.

பல்கலைக்கழகம் போனால்

சி.எம்.எஸ்.ஸுக்கு அங்கே வேலையில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விவாகரத்தின்போது பெற்ற நீதிமன்ற உத்தரவை எடுத்துப் பாருங்கள்; முதல் பட்டம் முடியும்வரை என்று அதில் எழுதப்பட்டிருக்கலாம். அப்படி இல்லாவிட்டாலும், 18 தாண்டிய பிள்ளை 1989ஆம் ஆண்டின் சில்ரன் அக்ட் என்ற பிள்ளைகள் சட்டத்தின் கீழ், படிப்புக் காலத்துக்கான பணம் கேட்டுத் தானே நீதிமன்றம் போக வழியுண்டு. முந்தைய உத்தரவுகள் இருந்தால் முதலில் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். ஸ்கொட்லாந்தில் 1985ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டம் இன்னும் தெளிவானது: தகுந்த படிப்பில் இருக்கும் பிள்ளையை 25 வயதாகும்வரை தாங்கும் கடமை பெற்றோருக்கு உண்டு, அதைப் பிள்ளையே வழக்குப் போட்டுக் கேட்கலாம்.