உடற்கூறியலையும் தொற்றுத் தடுப்பையும் சேர்த்துப் படிக்கும் முறை

சேலத்தில் செவிலியர் படிப்பைத் தொடங்கும் மாணவர்கள் உடற்கூறியல், உடலியங்கியல், தொற்றுத் தடுப்பு ஆகியவற்றைத் தனித்தனியே மனப்பாடம் செய்வதைவிட, ஓர் உறுப்பை எடுத்துக்கொண்டு அதன் அமைப்பு, வேலை, கிருமி நுழையும் வழி எனத் தொடர்ந்து படிப்பதே நல்லது. ஏற்காட்டுப் பேருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறும்போது காது அடைப்பதையே முதல் பாடமாகக் கொள்ளலாம். மேலே செல்லச் செல்ல வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் நடுச்செவியிலுள்ள காற்று செவிப்பறையை வெளிப்புறமாகத் தள்ளுகிறது. எச்சில் விழுங்கும்போது, நடுச்செவியை மூக்கின் பின்புறத்தோடு இணைக்கும் யூஸ்டேசியன் குழாய் திறந்து அழுத்தத்தைச் சமப்படுத்துகிறது. குழந்தைகளுக்கு இக்குழாய் குட்டையாகவும் ஏறக்குறைய கிடைமட்டமாகவும் இருப்பதால், சளியைத் தொடர்ந்து காதில் தொற்று எளிதில் ஏற்படுகிறது. புத்தகத்தை மூடிவிட்டு, காதின் இந்த அமைப்பைப் படமாக வரைந்து பாருங்கள். கை தயங்கி நிற்கும் இடத்தைத்தான் மீண்டும் படிக்க வேண்டும்.

கை கழுவுதலைப் படித்தால் மட்டும் போதாது. சோப்பும் தண்ணீரும் கொண்டு 40 முதல் 60 வினாடிகள், ஆல்கஹால் கரைசல் என்றால் 20 முதல் 30 வினாடிகள் எனக் கடிகாரத்தைப் பார்த்தே பழகுங்கள். அவசரத்தில் விடுபடுபவை பெரும்பாலும் கட்டைவிரலும் விரல் நுனிகளுமே. கையுறை அணிந்து வேலை செய்திருந்தாலும், அதைக் கழற்றியவுடன் கைகளைச் சுத்தம் செய்தே ஆக வேண்டும்.