முதல் வகுப்பிலேயே பைதான் ஓட: மாணவர் கணினிகளைத் தயார் செய்வது எப்படி?

நிரல் எழுதப் புதிதாக வருபவர் முதலில் அடிப்பது, திரையில் ‘வணக்கம்’ காட்டும் ஒற்றை வரி. பைதான் என்ற நிரல்மொழியை நிறுவுவதிலேயே வகுப்பு முழுக்கப் போய்விட்டால், அந்த வரிக்கு வருவதற்குள் ‘இது நமக்கு வராது’ என்று பிள்ளை முடிவுகட்டிவிடும். நிறுவும்போது எழும் கேள்விகளுக்கெல்லாம் ஆசிரியரே முன்கூட்டி விடை வைத்திருக்க வேண்டும்.

ஆரம்பநிலை மாணவர்களுக்கு எங்கள் பரிந்துரை தான்னி. எஸ்தோனியாவின் தார்த்து பல்கலைக்கழகத்தில் உருவான, நிரலை எழுதி ஓட்டிப் பார்க்கும் எடிட்டர் இது. பைதான் இதற்குள்ளேயே வருவதால் தனியாக எதையும் நிறுவ வேண்டாம். எஃப்5 அழுத்தினால் நிரல் ஓடும். வியூ மெனுவில் வேரியபிள்ஸைத் தேர்ந்தெடுத்தால் மாறிகளின், அதாவது மதிப்புகளுக்கு நிரலில் நாம் வைக்கும் பெயர்களின், மதிப்பு பக்கத்திலேயே தெரியும். ‘மாறி’ என்றால் என்ன என்று பத்து நிமிடம் விளக்குவதைவிட அந்தப் பெட்டியில் எண் மாறுவதைக் காட்டுவது மேல்.

பைதானையே நேரடியாக நிறுவுவதானால், முதலில் விண்டோஸ் பதிப்பைப் பாருங்கள். விண்டோஸ் 7-இல் பைதான் 3.8 வரைதான் ஓடும். அடுத்து, வழக்கமான இன்ஸ்டாலரின் முதல் திரையில், கீழே, பைதானை பாத்தில் (நிரல்களை விண்டோஸ் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) சேர்க்கவா என்று ஒரு சிறு கட்டம் இருக்கும். அதில் டிக் இருக்காது. நாம்தான் போட வேண்டும். மறந்தால், கட்டளைகளை அடிக்கும் திரையான கமாண்ட் ப்ராம்ப்ட்டில் பைதான் என்று அடித்ததும் விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறக்கக்கூடும். மாணவர் அங்குள்ள பைதானையும் நிறுவுவார். பிறகு ஒரே கணினியில் இரண்டு பைதான், எதில் எந்த பேக்கேஜ் (கூடுதலாகச் சேர்க்கும் நிரல் தொகுப்பு) இருக்கிறது என்ற குழப்பம். சரிசெய்ய, இன்ஸ்டாலரை மறுபடி ஓட்டி, மாடிஃபை கொடுத்து, நெக்ஸ்ட் அழுத்தி, வரும் பக்கத்தில் என்விரான்மென்ட் வேரியபிள்ஸ் கட்டத்தை டிக் செய்யுங்கள். ஏற்கெனவே திறந்திருக்கும் கமாண்ட் ப்ராம்ப்ட்டை மூடிவிட்டுப் புதிதாகத் திறக்க வேண்டும். பாத் விவரத்தை அது திறக்கும்போது மட்டுமே வாசிக்கிறது.

வகுப்பில் எல்லாருக்கும் ஒரே பதிப்பு இருக்கட்டும். முப்பது பேர் ஒரே நேரத்தில் இறக்கினால் இணையம் திணறும். பென் டிரைவில் எடுத்துப் போங்கள். நம்பை (கணக்கீட்டுக்கானது) போன்ற பேக்கேஜ்களையும், பேக்கேஜ்களை நிறுவும் கருவியான பிப்பின் டவுன்லோட் கட்டளையால் முன்பே ஒரு ஃபோல்டரில் இறக்கிக்கொள்ளலாம். இறக்கும் கணினியும் நிறுவும் கணினியும் ஒரே விண்டோஸ், ஒரே பைதான் பதிப்பு, ஒரே 32 அல்லது 64 பிட்டாக இருப்பது முக்கியம். கோப்பின் பெயரில் சிபி312 என்றிருந்தால் அது 3.12-க்கானது, 3.11 அதை ஏற்காது.

லினக்ஸில் இரண்டு விஷயம்: லினக்ஸ் வகைகளான டெபியன் 12-இலும் உபுண்டு 23.04 முதலும் பிப் நேரடியாக நிறுவ மறுக்கும். பேக்கேஜ்களைத் தனியாக வைக்கும் ஃபோல்டரான விர்ச்சுவல் என்விரான்மென்ட் உருவாக்குங்கள். பைதானில் படம் வரையும் டர்ட்டிலுக்குத் தேவையான டிகே பேக்கேஜைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

நிறுவி முடித்தபின் வரும் தடுமாற்றங்களில் அதிகம் படுத்துவது கோப்பின் பெயர். டர்ட்டில் பாடம் என்பதால் மாணவர் கோப்புக்கும் டர்ட்டில் என்றே பெயர் வைப்பார். டர்ட்டிலை நிரலுக்குள் கொண்டுவரும் இம்போர்ட் வரி வந்ததும் பைதான் முதலில் அதே ஃபோல்டரில் தேடி, உண்மையான டர்ட்டிலுக்குப் பதிலாக மாணவரின் கோப்பையே எடுத்துக்கொள்ளும். நிரலில் ஓர் எழுத்துகூடப் பிழையிருக்காது, ஆனாலும் பிழை வரும்; பைதான் 3.12 வரை அது பெரும்பாலும் ‘பாதி தொடங்கிய மாட்யூல்’ (இம்போர்ட் செய்யும் நிரல் கோப்பு) என்று சொல்லும். அந்தக் கோப்பு அங்கே இருக்கும்வரை, அதே ஃபோல்டரில் உள்ள வேறு நிரல்களும் டர்ட்டிலை இம்போர்ட் செய்ய முடியாமல் நிற்கும். பெயரை ‘படம்1’ என்று மாற்றினால் போதும். பைதானோடு வரும் ரேண்டம் போன்ற மாட்யூல்களின் பெயர்களையும் முதல் நாளே தடைசெய்துவிடுங்கள்.

வேர்டிலிருந்தோ சாட்டிலிருந்தோ நகலெடுத்த வரிகளில் மேற்கோள் குறி வளைந்திருக்கும்; பைதான் நேர்க்குறியை மட்டுமே ஏற்கும். பயிற்சி வரிகளை சாதாரண டெக்ஸ்ட் கோப்பாகவே கொடுங்கள்.

தமிழில் எழுதிப் பார்க்கும் ஆசை எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும், வர வேண்டும். பைதான் 3-இல் மாறிப் பெயரையே தமிழில் வைக்கலாம். விண்டோஸில் தமிழ்க் கோப்பைத் திறக்கும்போது என்கோடிங் (எழுத்துகளைக் கோப்பில் சேமிக்கும் முறை) யுடிஎஃப்-8 என்று குறிப்பிடாவிட்டால் எழுத்துகள் சிதையலாம். ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் பைதான் 5 என்று சொல்லும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஒவ்வொன்றையும் தனியாக எண்ணுகிறது. மூன்றெழுத்துக்கு ஐந்தா என்று மாணவர் கேட்கும்முன் இதைச் சொல்லிவிடுங்கள்.

வகுப்புக்கு முந்தைய நாள், அட்மின் உரிமை இல்லாத புதிய யூசர் கணக்கில், இணையத்தைத் துண்டித்துவிட்டு, பென் டிரைவிலிருந்து எல்லாவற்றையும் ஒருமுறை நிறுவிப் பாருங்கள். யூசர் பெயரை இடைவெளியோடு தமிழில் வையுங்கள்; அப்படிப்பட்ட பெயரால் சிக்கல் வருமானால் அன்றே தெரிந்துவிடும். ‘வணக்கம்’ அச்சாக வேண்டும், டர்ட்டில் சதுரம் வரைய வேண்டும், ஒரு தமிழ்க் கோப்பை வாசிக்க வேண்டும். எங்கே நிற்கிறதோ அந்தப் பிழைச் செய்தியை அப்படியே ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் தீர்வையும் எழுதி, நகலெடுத்து ஒவ்வொரு மேசையிலும் வைத்துவிடுங்கள்.