பழைய காரின் உதிரி பாகங்களில் தயாரிப்பாளர் முத்திரையைக் கண்டுபிடிப்பது எப்படி

பிரித்தெடுத்த பாகத்தை உடனே மண்ணெண்ணெய்த் தொட்டியில் போடாதீர்கள். இந்த வேலையில் ஈடுகட்டவே முடியாத நஷ்டம் பெரும்பாலும் அந்த முதல் பத்து நிமிடத்தில்தான் நேர்கிறது. வார்ப்பில் புடைத்து நிற்கும் எண்ணுக்குக் கழுவுவதால் ஆபத்தில்லை. ஆனால் மெழுகுப் பென்சிலால் எழுதிய பாடி எண், பரிசோதகர் வைத்த பெயின்ட் புள்ளி, மை முத்திரை, ஒட்டிய காகிதச் சீட்டு எல்லாம் அழுக்கோடு அழுக்காகக் கரைந்துவிடும். கதவின் உள் அட்டை, சீட்டின் அடிப்பக்கம், டாஷ்போர்டின் பின்புறம், மரச்சட்டம் உள்ள பாடி என்றால் கீல் உட்காரும் மரத்தின் முகம், இந்த இடங்களைக் கழற்றிய நிலையிலேயே படம் எடுத்துவிடுங்கள். கையால் செய்த பாடிகளில் ஒரே எண் பல மரத்துண்டுகளிலும் தகடுகளின் பின்புறத்திலும் திரும்பத் திரும்ப வரும். நான்கு இடத்தில் ஒரே எண்ணும் ஐந்தாவது இடத்தில் வேறு எண்ணும் இருந்தால், அந்த ஐந்தாவது பாகம் வேறு வண்டியிலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம்.

அதன் பிறகு கழுவலாம். கிரீஸ் கட்டியை மரச்சீவலாலோ பிளாஸ்டிக் துண்டாலோ சுரண்டி எடுங்கள். மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறவிட்டு நைலான் பிரஷ்ஷால் தேயுங்கள்; விடாப்பிடியான இடத்துக்குப் பித்தளை பிரஷ். டிரில்லில் மாட்டும் இரும்புக் கம்பி பிரஷ்ஷும் மணலைப் பீய்ச்சியடிக்கும் ஸேண்ட் பிளாஸ்டிங்கும் வேண்டவே வேண்டாம். அரை மி.மீ. ஆழம்கூட இல்லாத பஞ்ச் எண் (உலோகத்தில் அச்சுக்கோலால் அடித்துப் பதித்த எண்) அவற்றில் மழுங்கிப்போகும். அலுமினிய பாகத்துக்குக் காஸ்டிக் சோடா கூடாது, உலோகத்தையே அரித்துவிடும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் உலர்வாக எம்ரி தாள் போடாமல் ஜெல் வகை பெயின்ட் ரிமூவர் தடவி எடுங்கள். பிரேக், கிளட்ச் லைனிங்கிலும் பழைய கேஸ்கெட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும்; அங்கே காற்றடித்துத் தூசி கிளப்பாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

இனி எண்ணைத் தேடுவது. டார்ச்சை நேராகப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. அறையை இருட்டாக்கி, பரப்போடு கிட்டத்தட்டப் படுக்கைவாட்டில் ஒளி விழும்படி டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, பாகத்தைச் சுற்றி மெதுவாக நகர்த்துங்கள். ஒரு பக்கத்து ஒளியில் வெறும் துருவாகத் தெரிந்தது இன்னொரு பக்கத்து ஒளியில் "3" என்று எழுந்து நிற்கும். பிறகு பள்ளமான எண்ணின் மேல் சாக்பீஸ் தேய்த்து, மேற்பரப்பை மட்டும் விரலால் துடைத்தால் வெள்ளை பள்ளத்திலேயே தங்கும். புடைத்த எழுத்துக்கு இதற்கு நேர்மாறாக, சாக்பீஸைப் படுக்கவைத்து மேலாக ஓட்டுங்கள். மெல்லிய தாளை வைத்துப் பென்சில் பிரின்ட் எடுப்பது இன்னும் நல்லது, அளவு மாறாத பதிவு கையில் இருக்கும். கைநுழையாத இடத்தில் கண்ணாடி வைத்துப் பார்த்தால் எண் இடவலம் மாறித் தெரியும். அதைப் படம் எடுத்துத் திருப்பிப் பார்த்தபின் எழுதுங்கள். 2-ஐயும் 5-ஐயும் குழப்பிக்கொள்வது அங்கேதான்.

கண்ணில் பட்ட எண் என்ன வகை என்று பிரிப்பதுதான் அடுத்த வேலை, பலர் சறுக்குவதும் இங்கேதான். வார்ப்பில் புடைத்திருக்கும் நீண்ட எண் அந்த வார்ப்பின் வடிவமைப்பைச் சொல்லும், எந்த நாளில் செய்தது என்று சொல்லாது. 1960களின் ஃபோர்டு பாகங்களில் "சி5ஏஇ-6015" போன்ற எண் வரும். சி என்றால் 1960கள், 5 என்றால் 1965, ஏ என்றால் பெரிய கார் வரிசை, இ என்றால் என்ஜின் பிரிவு, 6015 என்றால் சிலிண்டர் பிளாக். ஆனால் 1965-க்கு வடிவமைத்த வார்ப்பு அடுத்தடுத்த ஆண்டுகளிலும் ஊற்றப்பட்டிருக்கலாம். ஆகவே "சி5 இருக்கிறது, இது 1965 பாகம்" என்று முடிவு கட்டக் கூடாது. ஊற்றிய நாளைச் சொல்வது தனியாக இருக்கும் சிறிய குறியீடு.

செவ்ரோலெட்டின் சிறிய வி8 பிளாக்கில் இதைப் பார்க்கலாம். பிளாக்கின் பின்முனையில் பெல் ஹவுசிங் (கிளட்ச்சை மூடும் கூடு) பொருந்தும் விளிம்பின் மேல்புறத்தில், பெரும்பாலும் இடப்பக்கம் வார்ப்பு எண்ணும் வலப்பக்கம் தேதியும் இருக்கும். "எஃப் 12 4" என்று இருந்தால் எஃப் ஆறாவது எழுத்து என்பதால் ஜூன், 12-ம் தேதி, 4-ல் முடியும் ஆண்டு. 1964-ஆ 1974-ஆ என்பதை வார்ப்பு எண்ணை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். அந்த முறையில் ஏ முதல் எல் வரை பன்னிரண்டு எழுத்தும் பன்னிரண்டு மாதம். ஃபோர்டிலோ ஆண்டு முதலில் வரும், பிறகு மாதம், பிறகு நாள். அதோடு 1 என்ற எண்ணோடு குழம்பாமலிருக்க ஐ என்ற எழுத்தை விட்டுவிட்டு எம் வரை போவார்கள். அதனால் ஜே என்ற எழுத்து செவ்ரோலெட் வார்ப்பில் அக்டோபர், ஃபோர்டில் செப்டம்பர். ஜெனரல் மோட்டார்ஸுக்கே மின்பாகம் செய்த டெல்கோ-ரெமியும் ஃபோர்டு மாதிரி ஆண்டை முதலில் வைத்து ஐ-யை விட்டுவிடும்: "4 சி 12" என்றால் 4-ல் முடியும் ஆண்டின் மார்ச் 12. ஒரே காரில் இரண்டு முறையும் இருக்கும் என்பதால், யார் செய்த பாகம் என்று தெரியாமல் தேதியைப் படிக்கத் தொடங்காதீர்கள்.

பிரிட்டிஷ் கார்களின் டைனமோ, ஸ்டார்ட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் உடலில், அவற்றைச் செய்த லூகாஸ் நிறுவனத்தின் பாக எண்ணோடு சிறிதாக இரண்டு எண்ணைப் பஞ்ச் அடித்திருக்கும். இரண்டாவது ஆண்டு; முதலாவது மாதமாகவோ வாரமாகவோ இருக்கும். அது 12-ஐத் தாண்டினால் வாரம் என்று உறுதி. எஸ்.யூ. என்ற தயாரிப்பின் கார்புரேட்டரில் அடையாளம் ஃப்ளோட் சேம்பர் (மிதவை உள்ள பெட்ரோல் அறை) மூடியின் ஸ்க்ரூவில் மாட்டிய சின்ன அலுமினிய வில்லையில் இருக்கும். கார்ட்டர் கார்புரேட்டரிலும் இப்படி மூடி ஸ்க்ரூவில் பித்தளை வில்லை உண்டு. ஓவர்ஹால் செய்பவர்கள் முதலில் தொலைப்பது இந்த வில்லைகளைத்தான், கழற்றிய உடனே தனி உறையில் போடுங்கள்.

ஃபோர்டு மாடல் ஏ-யின் எண் என்ஜின் பிளாக்கின் இடப்பக்கம், தண்ணீர்க் குழாய் சேரும் இடத்துக்கு மேலுள்ள தட்டையான திட்டில் அடிக்கப்பட்டது. அதே எண் சேஸிஸின் இடப்பக்கச் சட்டத்தின் மேல்முகத்திலும் உண்டு. ஆனால் பாடிக்கு அடியில் மறைந்திருப்பதால், பாடியைத் தூக்கும் நாளில் அதைப் பதிவுசெய்யத் தவறாதீர்கள்.

போல்ட்களையும் விடாதீர்கள். போருக்கு முந்தைய காரில் தலையில் "8.8" என்று இருக்கும் மெட்ரிக் போல்ட் பின்னாளில் போட்டது. அந்த இடத்தை யாரோ ஏற்கெனவே பிரித்திருக்கிறார்கள், அங்குள்ள பாகத்தையும் சந்தேகத்தோடு பாருங்கள்.

தேதிகளைக் கோர்க்கும்போது வரிசை முக்கியம். வார்ப்பு முதலில், என்ஜின் கோர்த்தது அடுத்து, கார் வெளிவந்தது கடைசி. பாகத்தின் தேதி காரின் தேதிக்குப் பிந்தியிருந்தால் அது மாற்றிய பாகம்தான். சில வாரமோ சில மாதமோ முந்தியிருந்தால் பொருந்தும். பல ஆண்டு முந்தியிருந்தால் வேறு காரிலிருந்து வந்திருக்கலாம்.

விலை உயர்ந்த என்ஜினில் எண்ணை மாற்றி அடிப்பவர்களும் உண்டு. எண் அடித்த திட்டின் பரப்பைப் பாருங்கள். தொழிற்சாலையில் செதுக்கிய மெல்லிய இணைகோடுகள் பக்கத்துப் பரப்பில் தெரிந்து, எண்ணுக்கு அடியில் மட்டும் காணாமல் போயிருந்தால் கிரைண்டர் பட்டிருக்கிறது. எழுத்துகள் கோணலாக இருப்பதை மட்டும் வைத்துப் போலி என்று சொல்லிவிடாதீர்கள், தொழிற்சாலையிலும் கையால் அடித்தார்கள். அழிந்த எண்ணை அமிலம் ஊற்றி வரவழைக்கும் வேலையைத் தடயவியல் பயிற்சி உள்ளவரிடம் விடுங்கள். ஒருமுறை தவறினால் மிச்சமிருந்ததும் போகும். சேஸிஸ் எண் தேய்ந்திருக்கிறதே என்று நீங்களே மறுபடி பஞ்ச் அடிக்காதீர்கள், பல நாடுகளில் அது குற்றம். பென்சில் பிரின்ட்டையும் படங்களையும் எடுத்துக்கொண்டு வாகனப் பதிவு அலுவலகத்தை அணுகுங்கள்.