பதில் சொல்வதற்கு முன் ஒரு நொடி ஜெபம்
காலையில் அரை மணி நேரம் ஜெபிக்க முடியவில்லை என்பதற்காக அன்றைய நாளையே கைவிட்டுவிடாதீர்கள், நானும் பல வருடம் அப்படித்தான் விட்டேன். பைபிளில் நெகேமியா 2:4 படித்துப் பாருங்கள்: பாரசீக ராஜா தன் அரண்மனையில் வேலை செய்யும் நெகேமியாவிடம் கேள்வி கேட்கிறார், பதில் சொல்வதற்கு முன் கிடைத்த அந்தச் சின்ன இடைவெளியிலேயே நெகேமியா பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபித்துவிடுகிறார். சில நொடிதான் ஆகியிருக்கும். (முதல் அதிகாரத்தில் அவர் நாட்கணக்கில் அழுது உபவாசித்ததையும் மறக்க வேண்டாம், தனி ஜெபத்துக்கு இது மாற்று இல்லை.)

சரி, எப்படிச் செய்வது? தினமும் எப்படியும் செய்கிற வேலையோடு ஜெபத்தை முடிச்சுப் போடுங்கள். பாத்திரம் கழுவும்போது குடும்பத்துக்காக, போன் அடித்தால் எடுப்பதற்கு முன் பேசப்போகிறவருக்காக ஒரே வரி. அப்புறம், ஒரு வசனத்தையே வாரம் முழுக்க வைத்துக்கொள்ளுங்கள். தினம் ஒன்று மாற்றினால் மதியத்துக்குள் மறந்துவிடுகிறது, எனக்காவது அப்படி.