சரியாக வராத கோபுரப் படங்களைப் படித்துப் பார்ப்பது எப்படி?

மதுரையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த அன்றே, மனதுக்குப் பிடிக்காத படங்களை அழித்துவிடாதீர்கள். அவற்றைத் தனியே சேமித்து வைத்து, இரண்டு மூன்று நாள் கழித்துக் கணினியின் பெரிய திரையில் திறந்து பாருங்கள்.

படி 1: குறையை ஒரே வரியில் நோட்டில் எழுதுங்கள். "நன்றாக இல்லை" என்று எழுதினால் பயனில்லை. "தூண்கள் உள்பக்கம் சாய்ந்திருக்கின்றன", "கோபுரம் இருண்டு, வானம் வெளுத்திருக்கிறது" என்று கண்ணுக்குத் தெரிவதை எழுத வேண்டும்.

படி 2: படத்துடன் பதிவாகியிருக்கும் தேதி, நேரம், ஷட்டர் வேகம் (கேமராவுக்குள் ஒளி விழும் நேரம்), ஐ.எஸ்.ஓ. (ஒளிக்கான உணர்திறன் அளவு) ஆகியவற்றை அந்த வரிக்குப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பலர் தேதியைப் பொருட்படுத்துவதில்லை. எனக்கு அதுதான் கண்ணைத் திறந்தது. ஒரு மே மாதக் காலையில், தெற்குச் சித்திரை வீதியில் நின்று, சுமார் 170 அடி உயரமுள்ள மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்தை எடுத்தேன். சுதைச் சிற்பங்களின் முகங்கள் நிழலில் மங்கிக் கிடந்தன; வானமோ வெறும் வெள்ளையாக வந்திருந்தது. நெடுநாள் கேமராவையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். மதுரை ஏறத்தாழ 10 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் நடுப்பகுதி முதல் ஆகஸ்ட் பிற்பகுதி வரை சூரியன் நாள் முழுவதும் வடக்குப் பக்கமாகவே செல்கிறது என்பதும், அம்மாதங்களில் தெற்கு நோக்கிய முகப்பில் நேர் வெயில் விழாது என்பதும் பிறகே விளங்கின. டிசம்பர், ஜனவரியில் அதே முகப்பு வெயிலில் நன்றாகத் துலங்கும். கிழக்குக் கோபுரத்துக்கு எந்த மாதமானாலும் காலை வெயில்தான் ஏற்றது.

படி 3: மங்கலான படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. முன்னாலோ பின்னாலோ ஏதேனும் ஒன்று தெளிவாக இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. கை ஆட்டத்துக்கு, 50 மி.மீ. லென்ஸ் என்றால் ஷட்டர் வேகத்தை 1/50 நொடியாகவோ அதைவிட வேகமாகவோ வைத்து, தேவைக்கேற்ப ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டுங்கள்.

படி 4: சாய்வைக் கவனியுங்கள். 1636இல் கட்டப்பட்ட திருமலை நாயக்கர் மகாலின் பருத்த தூண்களுக்கு அருகே நின்று, மேல் வளைவு வரை அடக்க வேண்டும் என்று கேமராவை அண்ணாந்து பிடித்தால், தூண்கள் உச்சியில் நெருங்கி, பின்னோக்கிச் சரிவதுபோல் தெரியும். கேமரா சாய்ந்ததே இதற்குக் காரணம். திறந்த முற்றத்தில் இயன்றவரை பின்னால் சென்று, திரையில் கட்டக் கோடுகளை வரவழைத்து, கேமராவை நேராகப் பிடியுங்கள். கீழ்ப்பாதியில் தரை அதிகமாக வந்தால் பின்னர் வெட்டிக்கொள்ளலாம். மென்பொருளிலும் சாய்வைத் திருத்த முடியும். ஆனால் அப்போது ஓரங்கள் வெட்டுப்படும் என்பதால், நாற்புறமும் சற்று இடம் விட்டு எடுப்பது நல்லது.

படி 5: அதே இடத்துக்குத் திரும்பச் சென்று, ஒரே ஒரு மாற்றத்துடன் மீண்டும் எடுங்கள். நேரத்தையும் லென்ஸையும் நிற்கும் இடத்தையும் ஒருசேர மாற்றினால், எதனால் படம் மேம்பட்டது என்று தெரியாமல் போய்விடும். நான் அதே லென்ஸுடன், மே மாதத்தில் நின்ற அதே இடத்தில், அதே காலை வேளையில், ஜனவரியில் போய் நின்றேன். சிற்பங்களின் கண்ணும் மூக்கும் தனித்தனியே தெரிந்தன. உச்சிக் கலசங்கள் மட்டும் படத்தின் மேல்விளிம்பை ஒட்டிவிட்டன. நோட்டில் அடுத்த வரியாக அதை எழுதி வைத்திருக்கிறேன்.