பழைய ஆலை நிலத்தில் முதியோர் குடியிருப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நியூ ஜெர்சியில் மாசடைந்த நிலங்களைச் சீர்செய்யும் வேலையில் நெடுங்காலமாக இருக்கிறேன். நெவார்க், பேட்டர்சன், டிரென்டன், கேம்டன் போன்ற பழைய தொழில் நகரங்களில் இப்போது எங்களைத் தேடி வருபவர்களில் பலர், குறைந்த வருமானமுள்ள முதியோருக்கு வீடு கட்டும் லாப நோக்கற்ற அமைப்பினர். பஸ் நிறுத்தமும் மருத்துவமனையும் மருந்துக் கடையும் பக்கத்தில் இருக்க வேண்டும், நிலமும் மலிவாகக் கிடைக்க வேண்டும் என்றால், மிஞ்சுவது மூடிய ஆலைகளும் பழைய பெட்ரோல் நிலையங்களும் டிரை கிளீனிங் கடைகளும் நின்ற மனைகள்தான். வருகிறவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். சில தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. எங்கள் தலைமுறை இடறிய கல்லிலேயே அவர்களும் வந்து இடறுகிறார்கள்.

சோதிக்காமல் நிலம் வாங்காதீர்கள், மலிவான ஆய்வகத்தை நம்பாதீர்கள் என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதுகூடத் தெரியாதவர் இந்தத் தொழிலுக்கு வராமல் இருப்பதே நல்லது.

ஒரே அறிக்கை இரண்டு சட்டங்களுக்கும் போதும் என்று நினைப்பது

1980இல் வந்த சூப்பர்ஃபண்ட் சட்டப்படி, நிலத்தை மாசுபடுத்தியவர் மட்டுமல்ல, இன்று அதைக் கையில் வைத்திருப்பவரும் சுத்தம் செய்யும் செலவுக்குப் பொறுப்பாளி. மாசு இருப்பது தெரிந்தே வாங்குபவருக்கும் ஒரு பாதுகாப்பை 2002ஆம் ஆண்டுத் திருத்தம் கொடுத்தது. வாங்கும் முன் முறைப்படி விசாரித்திருக்க வேண்டும், வாங்கிய பின் மாசு மேலும் பரவாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பவை அதன் முக்கிய நிபந்தனைகள். அந்த விசாரணையின் விளைவுதான் எல்லோரும் 'பேஸ் ஒன்' என்று சொல்லும் அறிக்கை. வங்கியும் கேட்கும், முதலீட்டாளரும் கேட்பார். அதை வாங்கிக் கோப்பில் சேர்த்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள்.

நியூ ஜெர்சிக்கு ஸ்பில் சட்டம் என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதன் கீழ் 'அறியாமல் வாங்கியவர்' என்ற பாதுகாப்பைக் கோர வேண்டுமானால், மாநிலச் சுற்றுச்சூழல் துறையின் விதிகளின்படி பூர்வாங்க மதிப்பீடு ஒன்றைத் தனியாகச் செய்திருக்க வேண்டும். அதில் சந்தேகம் எழுந்தால் மண்ணையும் நீரையும் எடுத்துச் சோதித்திருக்கவும் வேண்டும். பேஸ் ஒன் அறிக்கையை மட்டும் நீட்டினால் அது செல்லாது. இரண்டையும் ஒரே நிறுவனத்திடம் ஒரே நேரத்தில் கேட்டால் கூடுதல் செலவு சொற்பம். பத்திரம் முடிந்தபின் கேட்டால் பயனே இல்லை.

180 நாள்

பேஸ் ஒன்னின் முக்கியப் பகுதிகள் நிலம் கைமாறும் தேதிக்கு முந்தைய 180 நாளுக்குள் செய்யப்பட்டவையாக இருக்க வேண்டும். பத்திரத் தேதி தள்ளிப்போனால் புதுப்பித்துவிடுங்கள்.

அனுமதிக்கு முன்பே பொக்லைனை வரவழைப்பது

கூட்டாட்சி வீட்டுவசதித் துறையான ஹட்டின் பணத்துக்கு விண்ணப்பித்துவிட்டால், சுற்றுச்சூழல் மறுஆய்வு முடிந்து நிதியை விடுவிக்கும் அனுமதி வரும்வரை நிலத்தை வாங்கக்கூடாது, கட்டடத்தை இடிக்கக்கூடாது, தோண்டவும் கூடாது. "இது எங்கள் சொந்தப் பணம்தானே" என்று கேட்பார்கள். சொந்தப் பணமானாலும் கூடாது. மாற்று வழிகளை யோசிக்கும் வாய்ப்பை அடைத்துவிடும் எந்தச் செயலையும் விதி தடுக்கிறது; பணம் யாருடையது என்று அது பார்ப்பதில்லை. ஓர் ஊரில் பழைய கிடங்கை இடிப்பதையே விழாவாக நடத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஹட் பணம் கைவிட்டுப் போனது. படம் மட்டும் அலுவலகச் சுவரில் தொங்குகிறது.

தரைக்கு அடியில் இருக்கும் காற்றை மறப்பது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. சற்று விரிவாகவே சொல்கிறேன்.

டிரை கிளீனிங் கடைகள் பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்திய கரைப்பான் பெர்குளோரோஎத்திலீன். தொழிலில் பெர்க் என்பார்கள். தண்ணீரைவிடக் கனமானது என்பதால் நிலத்தில் ஆழமாக இறங்கும், நிலத்தடி நீரோடு பக்கத்து மனைக்கும் நகரும். அங்கிருந்து ஆவியாகி, மண்ணின் இடுக்குகள் வழியே மேலே ஏறி, கான்கிரீட் தளத்தின் விரிசல்கள் வழியாக வீட்டுக்குள் வரும். நியூயார்க் மாநிலத்தின் எண்டிகாட்டில், ஐ.பி.எம். ஆலையைச் சுற்றியிருந்த நூற்றுக்கணக்கான வீடுகளில் 2000களின் தொடக்கத்தில் ஆவியை வெளியேற்றும் கருவிகளைப் பொருத்த வேண்டியிருந்தது. கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் முகமையான ஈ.பி.ஏ. 2015இல் இதற்கென்றே விரிவான வழிகாட்டி வெளியிட்டது. ஆகவே இது யாருக்கும் தெரியாத சங்கதி அல்ல.

முதியோர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். வீட்டில் வசிப்பவர் நாளுக்கு 24 மணி நேரம், ஆண்டுக்கு 350 நாள், 26 ஆண்டு அங்கேயே சுவாசிக்கிறார் என்று ஈ.பி.ஏ. கணக்கிடுகிறது. தொழிலாளிக்கு அது 8 மணி நேரம், 250 நாள், 25 ஆண்டு. பலருக்கு 24 மணி நேரம் என்பது ஏட்டுக் கணக்கு. குளிர்காலத்தில் வெளியே கால் வைக்காத 80 வயதுப் பாட்டிக்கு அது உண்மையான கணக்கு. முந்தைய உரிமையாளர் பெற்ற 'வணிகப் பயன்பாட்டுக்குப் பாதுகாப்பானது' என்ற சான்றிதழை யாராவது மேசையில் வைத்தால், அதை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வட நியூ ஜெர்சியில் ஒரு திட்டம். மனையின் சொந்த மாசு, பழைய பெட்ரோல் தொட்டிகளிலிருந்து வந்தது. அதை நன்றாகவே சுத்தம் செய்துவிட்டோம். பக்கத்தில் இருந்த பழைய டிரை கிளீனிங் கடையின் பெர்க் எங்கள் எல்லைக்குள் நகர்ந்திருந்தது. அதற்காகவே முதல் வரைபடத்தில் தரைத்தளம் முழுவதும் பக்கச் சுவர் இல்லாத கார் நிறுத்துமிடமாக இருந்தது. ஆவி வந்தாலும் காற்றோடு போய்விடும், வீடுகள் மேலே இருக்கும்.

பிறகு, முதியோர் அதிகம் கார் ஓட்ட மாட்டார்கள் என்று நகராட்சி கார் நிறுத்துமிட எண்ணிக்கையைக் குறைத்தது. ஆர்க்கிடெக்டுக்கு ஒரே மகிழ்ச்சி. காலியான தரைத்தளத்தில் வீடுகள், பொது அறை, செவிலியர் அறை எல்லாவற்றையும் வரைந்தார். நல்ல வரைபடம்தான். ஆனால் அது எங்கள் மேசைக்கு வரவில்லை. எங்கள் வேலை மண்ணோடு முடிந்தது என்பது அவர்கள் எண்ணம்.

நாங்கள் அறிந்தபோது அஸ்திவாரம் போட்டாகிவிட்டது. அவசர அவசரமாக ஆவித்தடுப்புப் படலத்தை விரித்தார்கள். அதன்மேல் கம்பி கட்டுபவர்கள் நடந்தார்கள், முளை அடித்தார்கள். பிளம்பர் ஒரு கழிவுக் குழாயை இடம் மாற்ற, படலத்தைக் கத்தியால் கிழித்துவிட்டுச் சாதாரண ஒட்டுநாடாவை ஒட்டினார். அடியில் புகை செலுத்திச் சோதித்தபோது பல இடங்களில் புகை எழுந்தது. "கான்கிரீட் வண்டிகள் காலையில் வந்துவிடும்" என்றார் மேற்பார்வையாளர். வந்தன. ஊற்றினார்கள்.

லிப்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதியோர் கட்டடத்தில் லிப்ட் இல்லாமல் முடியாது. லிப்டுக்குக் குழி வேண்டும். அந்தக் குழி தளத்தைவிடச் சில அடி ஆழத்தில், மாசுக்கு இன்னும் அருகில் இருக்கும். குளிர்காலத்தில் சூடான காற்று மேலே ஏறும்போது லிப்ட் செல்லும் கூண்டு புகைபோக்கியாக மாறி, அடியிலிருக்கும் ஆவியை ஒவ்வொரு மாடிக்கும் இழுத்துச் செல்லும். குழியின் அடிப்பகுதியையும் நான்கு பக்கங்களையும் படலம் இடைவெளியின்றிச் சுற்றி வர வேண்டும். அங்கே படலம் குழியின் விளிம்பிலேயே நின்றிருந்தது.

குடியேற்றத்துக்கு முன், குளிர்காலத்தில் உள்காற்றைச் சோதித்தோம். பொது அறையிலும் லிப்ட் வாசலிலும் பெர்க் அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தது. கூட்டத்தில் ஒருவர், "நாலு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினால் போகாதா?" என்று கேட்டார். போகாது. அது அறையின் காற்றழுத்தத்தைக் குறைத்து, தரைக்கு அடியிலிருந்து இன்னும் அதிகமாக உறிஞ்சும். உறிஞ்ச வேண்டியது தளத்துக்கு அடியில், உள்ளே அல்ல.

பளபளக்கும் புதுத் தரையைத் துளைத்து, உறிஞ்சு குழாய்களை இறக்கி, சுவர்களை உடைத்துக் கூரைவரை கொண்டுபோய் விசிறி வைத்தோம். குறைந்த வாடகை வீடுகளில் முதலீடு செய்பவர்களுக்குக் கூட்டாட்சி அரசு தரும் வரிச்சலுகையை நம்பிய திட்டங்களுக்குக் கெடு உண்டு: போட்டியில் கிடைக்கும் 9 சதவீதச் சலுகையென்றால், ஒதுக்கிய ஆண்டுக்குப் பின் இரண்டாவது ஆண்டு முடிவதற்குள் கட்டடம் பயன்பாட்டுக்கு வர வேண்டும். அந்தக் கெடு கழுத்தை நெரித்தது. முதலீட்டாளர் அடுத்த தவணையை நிறுத்திவைத்தார். பழைய வீட்டைக் காலி செய்வதாக எழுதிக் கொடுத்துவிட்ட முதியவர்கள் பிள்ளைகள் வீட்டு சோபாவில் படுத்திருந்தார்கள். தளத்துக்கு அடியில் சரளைப் படுகையும் துளையிட்ட பி.வி.சி. குழாய்களும் கான்கிரீட்டுக்கு முன்பே போட்டிருந்தால், அஸ்திவாரச் செலவில் அது ஒரு சிறு பங்காகவே இருந்திருக்கும்.

இப்போது ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்கிறேன். தரைத்தள வரைபடம் எத்தனை முறை திருத்தப்பட்டாலும் எங்கள் கையெழுத்து வேண்டும். கம்பி கட்டி முடித்தபின் படலத்தை மறுபடி பார்க்க வேண்டும், புகைச் சோதனையில் தேறாமல் கான்கிரீட் ஊற்றக்கூடாது. ஈரம் தடுக்க விரிக்கும் 10 மில் (அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு) தடிமனுள்ள பாலிதீன் தாளை ஆவித்தடுப்பு என்று கணக்கில் காட்டும் ஒப்பந்தக்காரரிடம் முதல் நாளே பேசிவிடுங்கள்.

பழைய கட்டடத்தை அப்படியே வீடாக்குவது

ஹோபோக்கனில் பாதரச ஆவி விளக்குகள் செய்த ஆலையை 1990களில் கலைஞர்கள் வீடுகளாக மாற்றிக்கொண்டார்கள். தரைப்பலகைகளுக்கு இடையே பாதரசத் துளிகள் உருண்டன. 1996 ஜனவரியில் எல்லோரும் வெளியேற வேண்டியிருந்தது, மறு ஆண்டு அந்த இடம் மிக மோசமாக மாசடைந்த இடங்களுக்கான சூப்பர்ஃபண்ட் பட்டியலில் சேர்ந்தது, கடைசியில் கட்டடமே இடிக்கப்பட்டது. மாசு எப்போதும் மண்ணில்தான் இருக்கும் என்று யார் சொன்னது? செங்கல் சுவரின் அழகில் மயங்குகிறவர்கள் மரத்தையும் சுவர்ப்பூச்சையும் பெயர்த்துச் சோதிக்கட்டும்.

எல்லா மண்ணையும் தோண்டி எடுப்பது

ஜெர்சி சிட்டி, நெவார்க் பகுதிகளில் சதுப்பு நிலங்களைச் சாம்பலும் கட்டட இடிபாடும் கொட்டி மேடாக்கியிருக்கிறார்கள். ஈயமும் ஆர்சனிக்கும் இருக்கும். அதைத் தோண்டத் தொடங்கினால் முடிவே இல்லை. மேலே மூடி, அடியில் மாசு இருப்பதைப் பத்திரத்தில் பதிவு செய்து கட்டுவதே நடைமுறை. குரோமியக் கழிவு கிடைத்தால் மட்டும் இந்தப் பத்தியை மறந்துவிட்டு நிபுணரைக் கூப்பிடுங்கள்.

மனையை நிரப்ப யாராவது இலவசமாகத் தரும் மண்

வேண்டாம்.

தோட்டத்தைத் தடை செய்வது

மூடிய நிலத்தைத் தோண்டக்கூடாது என்று அறிவிப்புப் பலகை வைத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். தக்காளி நட விரும்பும் எழுபது வயதுக்காரரை எந்தப் பலகையும் நிறுத்தாது. முதல் வரைபடத்திலேயே இடுப்பளவு உயரத்தில், அடிப்பாகம் மூடிய மேடைப் பாத்திகளைச் சேர்த்துவிடுங்கள். அவர்கள் குனியவும் வேண்டாம், கரண்டி அடிமண்ணைத் தொடவும் செய்யாது. எங்கள் திட்டம் ஒன்றில் கோடைக்காலத்தில் வெண்டைக்காயும் கொத்தவரையும் விளைகின்றன. பாத்திக்காகச் சண்டையும் நடக்கிறது.

சாவியைக் கொடுத்ததும் கிளம்பிவிடுவது

நிலத்தில் மாசு மிச்சம் இருந்து, அதை மூடிக் கட்டியிருந்தால், மூடி பழுதில்லாமல் இருக்கிறது என்று இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாநிலத்துக்குச் சான்று அனுப்ப வேண்டும். வரிச்சலுகைத் திட்டத்தின் குறைந்த வாடகைக் கட்டுப்பாடு குறைந்தது 30 ஆண்டு. அத்தனை ஆண்டுகளுக்கும் விசிறிக்கு மின்சாரம், ஆய்வாளருக்குக் கட்டணம், விரிசல் அடைப்பு என்று செலவு இருக்கிறது. வாடகையை உயர்த்தி இதை ஈடுகட்ட முடியாது என்பதால் தொடக்க நிதியிலேயே இருப்பு ஒதுக்க வேண்டும். விசிறி நின்றால் ஒலிக்கும் எச்சரிக்கை மணியைப் பூட்டிய மின்னறைக்குள் வைத்துவிடுகிறார்கள்; பல மாதம் யாருக்கும் கேட்பதில்லை. பராமரிப்பு ஊழியர் தினமும் கடந்துபோகும் இடத்தில் வையுங்கள். யாரை அழைக்க வேண்டும் என்ற எண்ணையும் அதன் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் ஒட்டிவிடுங்கள்.